நிச்சயமற்ற காலத்தின் பாரம் யார் தோளில்?

இந்த முறை வந்த கடிதங்களில் சிப் தட்டுப்பாடு பற்றிக் கேட்டவர்கள் உண்டு, வேலை இழந்தவர்கள் உண்டு, அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்கிறார்கள் என்று வருந்தியவர்களும் உண்டு. எல்லாருடைய கேள்வியும் அடியில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கோ ஒரு தலைநகரில் ஒரு முடிவு எடுக்கிறார்கள். அதன் செலவு யாரோ ஒருவர் மேல் விழுகிறது. அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிப்பது யார்? நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நான் பணிபுரிந்தவள். ஒப்பந்தங்களைப் படிப்பதும் எழுதுவதுமே என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிறிய அளவில் மின்னணுக் கருவிகள் தயாரிக்கிறோம். போர் நடக்கும் எந்த நாட்டிலிருந்தும் நாங்கள் எதையும் வாங்குவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சச்சரவின்போதும் ஏதாவது ஒரு பாகம் கிடைக்காமல் போகிறது. இது எப்படி?

பதில்: நீங்கள் வாங்குவதில்லை. உங்களுக்கு விற்பவருக்கு விற்பவர் வாங்குகிறார்.

நியான் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பில் மின்சுற்றுகளைப் பதிக்கும் ஒருவகை லேசர் இயந்திரங்களுக்கு அது வேண்டும். எஃகு ஆலைகள் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது அது. சோவியத் காலத்துப் பெரிய ஆலைகளில் அதைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இருந்தது. ரஷ்ய ஆலைகளில் கிடைத்த கச்சா நியான் உக்ரைனுக்கு வந்து சுத்தமானது. மரியுபோலில் இங்காஸ், ஒடெசாவில் கிரையோயின் என்று இரண்டு நிறுவனங்கள். சிப் தயாரிப்புக்குரிய தரத்தில் உலகம் பயன்படுத்திய நியானில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டிடமிருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தது. இரண்டிலும் உற்பத்தி நின்றது.

ஆனாலும் சிப் ஆலைகள் நிற்கவில்லை. காரணம் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு நடந்தது. 2014இல் கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது நியான் விலை பல மடங்கு ஏறியது. அப்போது சூடுபட்ட நிறுவனங்கள் இருப்பைக் கூட்டின, வேறு இடங்களில் சப்ளையர்களைப் பிடித்தன, ஒருமுறை பயன்படுத்திய வாயுவை மீண்டும் பயன்படுத்தும் வழிகளைக் கண்டுபிடித்தன. அந்தச் செலவை அமைதியான ஆண்டுகளில் தாங்களே ஏற்றார்கள். போர் வந்தபோது தப்பித்தார்கள். கொள்முதல் வேலையில் யாராவது இளையவர் என்னிடம் வந்து சேர்ந்தால், முதலில் நான் சொல்லிக்கொடுத்தது இந்தக் கதையைத்தான்.

இதற்கு நேர்மாறானது 2025இல் நடந்த, நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தின் விவகாரம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் தலைமையகம். உரிமையாளர் விங்டெக் என்ற சீன நிறுவனம். இவர்கள் செய்வது அதிநவீனச் சிப் அல்ல. டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற மிக மலிவான பாகங்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இவற்றுக்கான சிலிக்கான் தகடு தயாராகும். அதில் பெரும்பகுதி சீனாவின் டோங்குவானுக்குப் போய் உறையிடப்பட்டு வெளியே வரும். 2025 செப்டம்பர் 30 அன்று நெதர்லாந்து அரசு, 1952ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தை எடுத்து அந்த நிறுவனத்தின் முடிவுகளில் தலையிடும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சில நாட்களில் சீனா டோங்குவானிலிருந்து வரும் ஏற்றுமதியைத் தடுத்தது. அக்டோபர் முடிவதற்குள் ஹோண்டா வட அமெரிக்காவில் கார் உற்பத்தியைக் குறைத்துவிட்டது. நவம்பரில் நெதர்லாந்து தன் உத்தரவை நிறுத்திவைத்தது. விலை குறைந்த பாகம் என்பதால் யாரும் அதைக் கவனித்துப் பட்டியலில் வைத்திருக்கவில்லை. விலை உயர்ந்த பாகங்களுக்குத்தான் மேலதிகாரிகள் கூட்டம் போடுவார்கள்.

என் அனுபவத்திலும் இதுபோல ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட கெபாசிட்டரை இரண்டு நாடுகளில் இருந்த இரண்டு சப்ளையர்களிடம் வாங்கிவந்தோம். ஒருவர் போனால் இன்னொருவர் இருக்கிறார் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ‘கெபாசிட்டருக்கு வேண்டிய டான்டலம் உலோகப் பொடி உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?’ என்று இருவரையும் எழுத்தில் கேட்டேன். பதில் வர வெகுநாள் பிடித்தது. வந்த பதில்கள் இரண்டிலும் ஒரே ஆலையின் பெயர் இருந்தது.

ஆகவே, உங்கள் பாகங்களின் பட்டியலை விலை வரிசையில் வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். எது இல்லாவிட்டால் கருவி வெளியே போகாது, அதற்கு மாற்றுப் பாகம் பொருத்த எத்தனை மாதம் ஆகும் என்ற வரிசையில் வையுங்கள். முதல் பத்துப் பாகங்களுக்கு மட்டுமாவது, சப்ளையருக்கு யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். சொல்ல மறுப்பவரிடம் கூடுதல் இருப்பு வைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் பொறியாளர்களிடம் மாற்றுப் பாகத்தை இப்போதே சோதித்து வைக்கச் சொல்லுங்கள். தட்டுப்பாடு வந்த பிறகு சோதிக்க ஆரம்பித்தால், அந்தப் பாகமும் சந்தையில் இருக்காது.

கேள்வி: நாங்கள் எழுதுவது மென்பொருள் மட்டும். கப்பலும் இல்லை, சுங்கமும் இல்லை. புவியரசியல் எங்களை எப்படித் தொடும்?

பதில்: கணக்கு முடக்கம், தரவு, பணம் வரும் வழி ஆகிய மூன்றிலும் தொடும்.

2019 ஜூலையில், நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா பகுதிப் பயனர்களின் தனிப்பட்ட களஞ்சியங்களை முடக்கியது. இரவு தூங்கப் போகும்போது இருந்த நிரல் காலையில் திறக்கவில்லை. ஈரான் பயனர்களுக்கு முழுச் சேவையும் திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில், அமெரிக்க அரசிடம் உரிமம் பெற்ற பிறகு. நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் ‘திறந்த மூல’ உலகம் எல்லைகளுக்கு அப்பாற்பட்டது என்று நம்பியவர்களுக்கு 2024 அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. தடைச் சட்டங்களுக்கு உட்பட வேண்டியிருப்பதே காரணம் என்றார்கள்.

தரவு விஷயம் இதைவிட மெதுவாக நடப்பது, இதைவிட ஆழமானது. ஐரோப்பியர்களின் தகவலை அமெரிக்க சர்வர்களுக்கு அனுப்ப இரு தரப்பும் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. அதை 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டு இன்னொரு ஏற்பாடு வந்தது. அதையும் 2020 ஜூலையில் ரத்து செய்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் காரணமான வழக்குகளின் பின்னால் இருந்தவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர். மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலையில் வந்தது. ஒவ்வொரு முறையும் பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர் படையை இறக்கிச் சமாளித்தன. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம்தான் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உங்கள் நிரலின் முழுப் பிரதி, அந்தத் தளத்தைச் சாராத இடத்தில் இருக்கிறதா? வாடிக்கையாளர் தரவு எந்த நாட்டுச் சர்வரில் இருக்கிறது என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடியுமா? பணம் வசூலித்துத் தரும் ஒரே நிறுவனத்தை நம்பி எல்லா வருமானமும் வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கு இந்த வாரமே பதில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: தயாரிப்பை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: பாகங்களைப் பூட்டிச் சேர்க்கும் கடைசிக் கட்ட வேலை இடம் மாறும். வேர் மாறாது. அதிநவீனச் சிப்புகளில் மின்சுற்றுகளைப் பதிக்க வேண்டிய ஈயுவி இயந்திரத்தை உலகில் ஒரே ஒரு நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல், தயாரிக்கிறது. அதன் கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்திலிருந்து வருகின்றன. அந்தச் சிப்புகளில் மிகப் பெரும்பகுதி தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் தயாராகிறது. காலியம் என்ற உலோகத்தின் உலக உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் சீனாவில்; 2023 ஆகஸ்ட் முதல் அதை வெளியே அனுப்ப உரிமம் வேண்டும் என்று அந்நாடு சொல்லிவிட்டது. இடம் மாற்றுவது தவறு என்று சொல்லவில்லை. மாற்றிய பிறகும் எவை மாறாமல் இருக்கின்றன என்பதை எழுதிவைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: என் நிறுவனம் நல்ல லாபத்தில் இருக்கிறது. ‘பொருளாதார நிச்சயமின்மை’ என்று ஒரு வரி எழுதி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். என் வேலைத்திறனில் குறை சொல்லவில்லை. லாபம் வரும்போது ஏன் இப்படி?

பதில்: முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை தேடாதீர்கள். நீங்கள் நன்றாக வேலை செய்தீர்களா என்பது அந்த முடிவில் ஒரு காரணியாகவே இருந்திருக்காது.

காரணங்கள் பல அடுக்குகளாக இருக்கின்றன. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ பூஜ்யம். 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம். பணம் இலவசமாகக் கிடைத்த காலத்தில், பத்து ஆண்டு கழித்து வரப்போகும் லாபத்துக்காக இன்று ஆள் சேர்ப்பது நியாயமாகத் தெரிந்தது. வட்டி ஏறியதும் அதே ஆள் செலவாகத் தெரிகிறார். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2019 இறுதியில் ஏறத்தாழ 45,000 பேர் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் 87,000 பேர். அந்த நவம்பரில் 11,000 பேரை அனுப்பினார்கள், அடுத்த மார்ச்சில் இன்னும் 10,000 பேர் என்று அறிவித்தார்கள். கூடுதலாக முதலீடு செய்தது தன் தவறு, பொறுப்பு தன்னுடையது என்று அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் எழுதினார். பொறுப்பு அவருடையது என்றால் வேலையும் அவருடையதல்லவா போயிருக்க வேண்டும் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

இரண்டாவது அடுக்கு, செய்தித்தாள்கள் அதிகம் பேசாத ஒரு வரி விதி. 2017இல் அமெரிக்காவில் இயற்றிய வரிச் சட்டத்தின் ஒரு பகுதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மென்பொருள் எழுதுபவரின் சம்பளத்தை அந்த ஆண்டே முழுச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 2022 முதல் உள்நாட்டில் செய்த வேலையை ஐந்து ஆண்டுகளிலும், வெளிநாட்டில் செய்ததைப் பதினைந்து ஆண்டுகளிலும் பிரித்துத்தான் கழிக்க முடியும். முதல் ஆண்டில் உள்நாட்டு வேலைக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு வருமானம் 10 லட்சம் டாலர், நிரல் எழுதுபவர்களின் சம்பளமும் 10 லட்சம் டாலர். கையில் ஒரு காசு மிஞ்சவில்லை. ஆனால் வரிக் கணக்கில் 9 லட்சம் டாலர் லாபம்! சிறிய நிறுவனங்கள் இதில் திணறிப்போயின. 2025 ஜூலையில் உள்நாட்டு வேலைக்கு மட்டும் பழைய முறை திரும்பியது. வெளிநாட்டில் செய்த வேலைக்குப் பதினைந்து ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. கடல் கடந்து அமெரிக்க நிறுவனங்களின் ஆராய்ச்சிக் கிளைகளில் வேலை செய்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது அடுக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள். மெட்டா 2024இல் மட்டும் மூலதனச் செலவாக ஏறத்தாழ 3,900 கோடி டாலர் செலவிட்டது. அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். இயந்திரம் உங்கள் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. இயந்திரத்தை வாங்குவதற்காக உங்கள் சம்பளத்தை எடுத்துவைத்தார்கள் என்பதுதான் பல இடங்களில் உண்மைக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

லாபத்தில் இருக்கும் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்யும்போது, பங்குதாரருக்குத் தந்த வாக்குறுதியைக் காப்பாற்றிவிட்டு ஊழியருக்குத் தந்ததைக் கைவிடுகிறது. அது தேர்ந்தெடுத்த முடிவு. புயல்போலத் தானாக வந்து விழுந்தது அல்ல. உங்கள் கடிதத்தில் ‘அவமானமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் உங்களுக்குரியதே அல்ல.

இனி ஒரு வேலைக்குப் பேசும்போது, சம்பளத்தோடு நோட்டீஸ் காலம், இழப்பீடு, விடுப்புப் பணம் ஆகியவற்றையும் எழுத்தில் கேளுங்கள். சேரும் நாளில் கேட்டால் தருவார்கள். பிரியும் நாளில் தரமாட்டார்கள்.

கேள்வி: ஏற்றுமதி செய்கிறோம். வரி இன்று ஒன்று, நாளை ஒன்று. வாடிக்கையாளருக்கு எப்படி விலை சொல்வது?

பதில்: 2025 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 2ஆம் தேதி அமெரிக்கா பெரும்பாலான நாடுகளுக்குப் புதிய வரி அறிவித்தது. 9ஆம் தேதி பலவற்றை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது, சீனாவுக்கு மட்டும் ஏற்றியது. 11ஆம் தேதி இரவு கைபேசி, கணினி, சிப் ஆகியவற்றுக்கு விலக்கு. மே மாதம் சீனாவுக்கான 145 சதவீதம் 30 ஆனது. கப்பல் ஏறும்போது இருந்த வரி வேறு, இறங்கும்போது இருந்தது வேறு.

சிப் நிறுவனமான என்விடியாவைப் பாருங்கள். அமெரிக்காவின் 2022 அக்டோபர் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் ஏ100, எச்100 சிப்புகளைச் சீனாவுக்கு விற்க முடியாமல் போனது. வரம்புக்குள் அடங்கும்படி ஏ800, எச்800 செய்தார்கள். 2023 அக்டோபரில் விதி மாறி அவையும் தடைக்குள் வந்தன. எச்20 செய்தார்கள். 2025 ஏப்ரலில் அதற்கும் உரிமம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலாண்டில் 450 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு அந்த நிறுவனம் மேலே போய்க்கொண்டே இருந்தது. உங்களாலும் என்னாலும் அப்படி முடியாது. ஒரே ஒரு சரக்கு தேங்கினால் மாதச் சம்பளம் நிற்கும். ஆகவே விலையைவிட ஒப்பந்த வாசகம்தான் உங்களுக்குக் காப்பு.

விலையை வரி நீங்கலாகச் சொல்லுங்கள். வரி என்பது இறக்குமதி செய்பவர் சுங்கத்தில் கட்டுவது. அந்த இறக்குமதியாளர் யார் என்பதை ஒப்பந்தத்தில் பெயரிட்டு எழுதுங்கள். வரி இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறினால் இரு தரப்பும் எப்படிப் பகிர்வது என்று இப்போதே பேசுங்கள். ‘தவிர்க்க முடியாத சூழல்’ என்ற பொதுப் பிரிவு காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். செலவு கூடிவிட்டது என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் அந்தப் பிரிவின் கீழ் விடுவிப்பு கிடைப்பது அரிது. விலைப்பட்டியலின் செல்லுபடிக் காலத்தைச் சுருக்குங்கள். பெரிய வாடிக்கையாளர் எல்லா இடரையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். பாதியையாவது அவர் ஏற்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். நான் மேசையின் மறுபக்கத்தில், பெரிய நிறுவனத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தவள். உறுதியாகக் கேட்டவர்களுக்கு நாங்கள் விட்டுக்கொடுத்தோம். கேட்காதவர்களுக்கு ஒருநாளும் நாங்களாக முன்வந்து தந்ததில்லை.

பணத்தை எல்லாம் ஒரே வங்கியில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அரசு தலையிட்டு வைப்புப் பணம் முழுவதற்கும் உறுதி கொடுக்கும்வரை, அந்த வாரச் சம்பளத்தை எப்படிக் கொடுப்பது என்று ஆயிரக்கணக்கான ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் திகைத்து நின்றன.

கேள்வி: அம்மா, அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவை நம்பித்தான் என் திட்டம் எல்லாம் இருந்தது. 1 லட்சம் டாலர் கட்டணம் என்றதும் இடிந்துபோய்விட்டேன். இனி என்ன?

பதில்: அறிவிப்பு வந்தது 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. நடைமுறைக்கு வந்தது ஞாயிறு அதிகாலை. விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தவர்களை உடனே திரும்பச் சொல்லி நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பின. சனிக்கிழமைதான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே இந்தக் கட்டணம் என்று வெள்ளை மாளிகை தெளிவுபடுத்தியது. அதற்குள் எத்தனை பேர் கிடைத்த விலைக்கு டிக்கெட் வாங்கி விமானம் ஏறினார்கள்!

உங்கள் திறமையின் மதிப்பு அந்த வெள்ளிக்கிழமை மாறவில்லை. மாறியது ஒரு கதவுக்கான கட்டணம். ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு விசாவுக்கு ஏற்பப் படிப்பையும் கடனையும் திருமணத்தையும்கூடத் திட்டமிட்டு வைப்பதைத்தான் நான் கேள்வி கேட்பேன். கல்விக் கடன் எடுக்கும் முன், அந்த விசா கிடைக்காவிட்டாலும் இந்தக் கடனைக் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் கடனைக் குறைக்கும் வழியைப் பாருங்கள்.

கேள்வி: வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள். பண்பாட்டைக் காக்க என்கிறார்கள். உண்மையில் பலன் இருக்கிறதா?

பதில்: இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் உரக்கப் பேசுகிறார்கள், ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம். பயண முன்பதிவு செய்யும் டிரிப்.காம் என்ற சீன நிறுவனத்தின் 1,612 ஊழியர்களை, பிறந்தநாள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பிரிவினரை வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். 2024இல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. வேலையைவிட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த இரண்டு ஆண்டு அப்ரைசலில், பதவி உயர்வில் எந்த வித்தியாசமும் இல்லை. சோதனைக்கு முன் வேலை கெடும் என்று நினைத்த மேனேஜர்கள், முடிந்த பிறகு தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

முழுக்க வீட்டிலேயே இருப்பது பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒப்பந்தப் பேச்சில் எதிரே இருப்பவர் எப்போது தயங்குகிறார் என்று பார்க்கக் கற்றுக்கொண்டதெல்லாம் எனக்கு மூத்த அதிகாரியின் பக்கத்து இருக்கையில்தான்.

ஆனால் ஐந்து நாள் உத்தரவு வரும் நேரத்தைக் கவனியுங்கள். அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரி 2 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆட்குறைப்புக் காலத்தில் இப்படி ஓர் உத்தரவு போட்டால், தொலைவில் இருப்பவர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள், சிறு குழந்தை உள்ள பெண்கள் தாங்களாகவே விலகுவார்கள். இழப்பீடு தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் உள்நோக்கமும் இதுதான் என்று நான் குற்றம் சாட்டமாட்டேன். விளைவு இதுதான் என்பதில் மாற்றமில்லை. உங்கள் மேலாளரிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த வேலை, எந்த நாளில், யாரோடு சேர்ந்து செய்வதற்காக நான் வர வேண்டும்? நல்ல மேலாளரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

கேள்வி: வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தால்தான் போட்டியில் நிற்க முடியுமாமே?

பதில்: அந்தப் போட்டியில் முன்னே நிற்பதாகச் சொல்லும் சீனாவிலேயே, காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற வழக்கம் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பை உலக நாடுகள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையில் எழுதியது 1919இல். நீண்ட நேரம் கேட்கும் முதலாளிகள், அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளமும் பங்கும் என்ன என்பதை அதே மூச்சில் சொல்லட்டும். பிறகு பேசலாம்.

கேள்வி: என் டீமில் போரிடும் இரண்டு நாடுகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பொது உரையாடல் குழுவில் ஒருவர் ஒரு செய்தியைப் போட்டார். மற்றவர் பதில் போட்டார். இப்போது இருவரும் பேசுவதில்லை. அரசியல் பேசக் கூடாது என்று எச்.ஆர். ஒரு கடிதம் தயாரித்திருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: இன்றைக்கு அனுப்ப வேண்டாம்.

2020இல் கிரிப்டோ நாணயம் வாங்கி விற்க உதவும் காயின்பேஸ், 2021இல் மென்பொருள் தயாரிக்கும் பேஸ்கேம்ப் ஆகிய நிறுவனங்கள் அலுவலகத்தில் அரசியல் விவாதம் வேண்டாம் என்று அறிவித்து, உடன்படாதவர்கள் பணம் பெற்றுக்கொண்டு விலகலாம் என்றன. காயின்பேஸில் ஏறத்தாழ 60 பேர், மொத்தத்தில் 5 சதவீதம், போனார்கள். பேஸ்கேம்பில் மூன்றில் ஒருவர் போனார். கூகுளில் 2018இல், அமெரிக்க ராணுவத்துக்கான மேவன் திட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே நிறுவனம் 2024 ஏப்ரலில், இஸ்ரேல் அரசுடனான கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராடியவர்களில் ஏறத்தாழ 50 பேரை வேலையைவிட்டு நீக்கியது. இடையில் ஆட்குறைப்புகள் வந்திருந்தன. ஊழியரின் கை தாழ்ந்திருந்தது. நிறுவனம் எதைச் செய்து விற்கிறது என்பதைப் பற்றி ஊழியர் கேட்கும் கேள்வியை, வெறும் அரசியல் பேச்சு என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். தன் கையால் செய்வது எங்கே போகிறது என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

உங்கள் டீமில் நடப்பது வேறு. அங்கே இருப்பது துக்கமும் பயமும். 2022இல் எங்களோடு வேலை செய்த குழு ஒன்றில் உக்ரைனியப் பொறியாளர் ஒருவரும் ரஷ்யாவிலிருந்து வேலை செய்த சோதனையாளர் ஒருவரும் இருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவி செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். முதல் வாரத்திலேயே இருவரையும் தனித்தனியாக அழைத்தார். போரைப் பற்றிக் கருத்துக் கேட்கவில்லை. ‘குடும்பம் எங்கே இருக்கிறது? இந்த மாதம் உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டார். பொறியாளரை இரவு நேர அவசரப் பணியிலிருந்து விடுவித்தார். அவருடைய பெற்றோர் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சோதனையாளரின் பிரச்சினை வேறு. நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ரஷ்ய வங்கிகள் சில விலக்கப்பட்டிருந்தன, விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்களும் அங்கே சேவையை நிறுத்தியிருந்தன. நாங்கள் அனுப்பிய சம்பளம் வழியில் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய நிதிப் பிரிவோடு சண்டை போட்டவரும் அதே தலைவிதான். இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சோதித்தார், குறைகளைப் பணிவாக எழுதினார். அதற்கு மேல் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: பொதுக் குழுவில் வந்த அந்த இரண்டு பதிவுகளையும், இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். தனித்தனியாகப் பேசுங்கள். வேலைப் பங்கீட்டை ஒரு மாதத்துக்கு மாற்றுங்கள். வசைக்கும் மிரட்டலுக்கும் இடமில்லை என்பதை நீங்களே, உங்கள் வாயால், டீம் முழுவதற்கும் சொல்லுங்கள். ஊரிலிருந்து செய்தி வந்து ஒருவர் கண்கலங்கினால் அது விதிமீறல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எச்.ஆர். கடிதத்தை இருவரிடமும் பேசி முடித்த பிறகு மறுபடி படித்துப் பாருங்கள். பாதி வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள். மீதியை அனுப்புங்கள்.